இரட்டைப் பின்னல்

புக்கிட் ரம்பாய் சாலை வளைவில் கவிழ்ந்த ஒரே லோரி அண்ணன் தம்பி இருவரையும் கொண்டுபோய்விட்டது. தாலியை இழந்தவர்கள் ஓரகத்திகள் இருவரும்தான். ஆனால் பாருங்கள், மூத்தவள் பாக்கியலட்சுமி மாசக்கணக்கில் பாயைவிட்டு எழவில்லை. இளையவள் ருக்மணியோ காஜா பெராங்கில் இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் மாவாட்டிக்கொண்டும் குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டும் நடமாடினாள்.

பாக்கியத்துக்கு வயிறு எரிந்தது. கல்நெஞ்சுக்காரி! புருஷன்மேல் பாசம் இருந்திருந்தால் அவளுக்குச் சோறு இறங்குமா? அந்த நினைப்பு ஒன்றுதான் பாக்கியத்துக்கு ஆறுதல்.

எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாயிற்று, வேப்பிலை அடித்தாயிற்று. ஒன்றும் பலிக்காமல் போகவே, ருக்மணிதான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே இருவர் கதையையும் கேட்ட டாக்டர் அந்த ஆறுதலிலும் மண்ணை அள்ளிப் போட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, பேயும் இல்ல. பெரிய துக்கம் சில பேரு மூளையையே சுணங்க வச்சிடும். ரெண்டு பேரு ஒண்ணா விழுந்தா ஒருத்தருக்கு எலும்பு முறியும், இன்னொருத்தருக்கு முறியாது. ஆனா அவங்களுக்கும் வலிக்கும். அவங்க மூளை பாடுபட்டு ஈடு கொடுக்குது, அவ்வளவுதான். உங்களுதும் மெல்லத் தேறும். தெனம் ஒரு சின்ன வேலையாச்சும் எந்திரிச்சு செய்யுங்க."

அட கடவுளே, மூளையையும் அவளுக்கே நல்லதாகப் பார்த்துக் கொடுத்தாயா! இனி அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டவும் வழியில்லை. பாக்கியத்தின் பொறாமை இரட்டிப்பானது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மகள் ஜெயா பசித்தால் சித்தியிடம் ஓடினாள். விழுந்தாலும் சித்தியைத்தான் கூப்பிட்டாள். பிள்ளை இல்லாத ருக்மணியும் அவளை அணைத்தபடியே இருந்தாள். இப்படியே கிடந்தால் பெற்ற பிள்ளையும் தனக்கில்லை என்று பாக்கியத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழ முடியவில்லை.

மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் எல்லாரும் ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னலோடு வரவேண்டுமாம். காலையில் ஜெயா சித்தியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சீப்பு சிக்கில் மாட்டியது.

"அம்மா, வலிக்குது! மெதுவா இழும்மா" என்றாள், சித்தியைப் பார்த்து.

எப்படி எழுந்தாள் என்று பாக்கியத்துக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சீப்பைப் பறித்தாள்.

"குடு இங்க! அவளப் பெத்தவ நானு!"

ருக்மணி நகர்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் வலிக்கும் என்று டாக்டர் சொன்னது பாக்கியத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்னல் கோணலாகத்தான் வந்தது. ஒன்றை முடிப்பதற்குள் கை கனத்தது, மூச்சு வாங்கியது. சீப்பை ருக்மணியிடம் நீட்டினாள்.

"இன்னொண்ண நீ போடுடி."

ருக்மணி விரைந்து வந்து உட்கார்ந்தாள்.

"ஏய், என்னுதவிட நல்லாப் போட்டுடாத!" என்றாள் பாக்கியம்.