தினம் ஒரு புதினா இலை

மெக்கானிக் குழாயடியில் புதினா இலை கிள்ளியபோது கையில் பெட்ரோல் ஈரம்கூடக் காயவில்லை. விடிந்ததும் விடியாததுமாக அவசரமென்று ஒருவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குக் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்துவிட்டார்.

காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவர் மனைவிக்கு வாசனையே தெரியவில்லை. கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. மூடியைத் திறக்காமலே பதம் சொல்கிறவள். ஒரு நாள் பருப்பு அடிபிடித்துத் தீய்ந்துகொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மூக்கு சரியானதும் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார் மேனேஜர். தினமும் ஒரே வாசனையை முகர்ந்தால் திரும்பிவிடும் என்று யாரோ சொல்ல, செடிகொடி என்றாலே காத தூரம் ஓடும் மெக்கானிக் நாலு தண்டு ஊன்றினார். அவர் கவனிப்பால் இல்லை, தன் குணத்தால் புதினா மண்டிவிட்டது. காலையில் இலையைக் கசக்கி நீட்டி, "வருதா?" என்பார். "இல்லைங்க" என்றால் முகம் தொங்கிப்போகும். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். போன வாரம் "லேசா வருதுங்க" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மேனேஜரிடம் ஓடினார். வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இன்றும் நீட்டினார். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"வருதா?"

"ம்ம். புதினா கும்முனு வருதுங்க."

சந்தோஷத்தில் இலையைத் தன் மூக்கில் வைத்தார். பெட்ரோல். வேறு எதுவுமில்லை. பெட்ரோல் கையோடு தட்டைத் தொட்டால் வீட்டையே இரண்டாக்குகிறவள் அவள். அந்தச் சண்டையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதுகூடத் தனக்கு உறைக்கவில்லையே. 'வருதா, வருதா' என்று பிடுங்கியெடுத்து இவளைப் பொய் சொல்ல வைத்தது தன் வாய்தான். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சோப்புப் போட்டுக் கை கழுவி, இலை கிள்ளி வந்து, கசக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கேன்டீனுக்கென்று தேய்த்த வெள்ளை ஏப்ரன் நாற்காலி முதுகில் தொங்கியது.

"ஏங்க, இன்னைக்குக் கேக்கலையா?"

"இல்லம்மா. டீ ஆறுது, குடி."

அவள் குடிக்கவில்லை. இலையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"வரலைங்க. ஒரு நாள்கூட வரலை."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இலை நசுங்கியது. அவருக்கு மட்டும் மணந்தது.