சன்னலோர மேசை

பள்ளிக்கூடத்து நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சோப்பு மிஸ். அதில் அவளுக்குக் கோபம் கிடையாது, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். ஆசிரியர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் மேசைமேல் இருக்கும் பிஸ்கெட் பொட்டலம் மேசைக்கு அடியில் போய்விடும். டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருப்பவர் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, என்னமோ திருடியவர் மாதிரி சிரிப்பார். இப்படி ஒரு வரவேற்பு யாருக்கு வேண்டும்? கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். எடை பார்க்கும் மெஷினுக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து, சுவரில் தொங்கும் பல் படத்தைப் பார்த்தபடி சாப்பிடுவாள். ராத்திரி வீட்டிலும் அதே கதைதான். அங்கே பல் படம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நல்லது செய்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களோடு ஒரே கட்டடத்தில் இருப்பது லேசான காரியமில்லை. வந்த வருஷமே பள்ளி வாசலில் விற்ற கலர் தண்ணீரை ஓட ஓட விரட்டினாள். அப்புறம் தட்டு. பணம் கட்டிச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டு, இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு என்று காலங்காலமாக இருந்தது. அதை மாற்றச் சொல்லி ஹெச்.எம். அறை வாசலில் தவம் கிடந்தாள்.

"தட்டுல என்னம்மா இருக்கு? ரெண்டுலயும் ஒரே சாப்பாடுதானே?" என்றார் அவர்.

"அப்ப உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு மஞ்சள் தட்டுல போடுங்க சார்."

எல்லோருக்கும் ஒரே தட்டு வந்தது. அவளை டீக்குக் கூப்பிட இருந்த ஒன்றிரண்டு பேரும் அத்தோடு கூப்பிடாமல் போனார்கள்.

அப்பேர்ப்பட்டவள்தான் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தத் தனி மேசையைப் போட்டாள். வேறு வழியில்லை. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிட்டுவுக்கு வேர்க்கடலை ஆகாது. சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா பஸ் டிரைவர். சேர்க்க வந்த அன்று, காக்கிச் சட்டையோடு நர்ஸ் அறையில் நின்று சொன்னார்.

"கடலை தொட்ட கை இவ மேல பட்டாலே உதடு வீங்கிடும் மிஸ். ஒரு தடவை மூச்சே நின்னு போச்சு. பார்த்துக்குங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

பள்ளிச் சமையலறையிலோ எதை எடுத்தாலும் கடலை. குழம்பில் அரைத்து ஊற்றுவார்கள், சாயங்காலம் வறுத்து ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். மலிவாகக் கிடைக்கிற சத்து அது, அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆகவே சன்னலோரம் ஒரு சின்ன மேசை, சிட்டுவுக்கு மட்டும் ஒரு நீலத் தட்டு, அவளுக்கென்று தனிப் பாத்திரத்தில் சமையல்.

மேசையைப் போட்டதோடு நர்ஸ் விடவில்லை. வகுப்புக்கே போய்ப் பாடம் நடத்தினாள். கடலைத் தூள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குக் கை தாவும் என்று காட்ட, சாக்பீஸைப் பொடி பண்ணி, பக்கத்தில் நின்ற சிட்டுவின் உள்ளங்கையிலேயே தடவி, வரிசையாக எல்லோரையும் அவளோடு கை குலுக்கச் சொன்னாள். வகுப்பு முழுக்க வெள்ளைக் கை. "பார்த்தீங்களா, எப்படிப் பரவுது! அதனாலதான் சோப்புப் போட்டுக் கழுவணும்" என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குழாயடியில் கை கழுவுகிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ஒன்றும் பாக்கியில்லை. யாராவது பார்வையிட வந்தால் ஹெச்.எம். நேராகக் குழாயடிக்குத்தான் கூட்டிப் போவார். நர்ஸ் தூணோரம் நின்று பார்த்துப் பூரித்துப் போவாள். அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஆனால் சிட்டு இளைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மாசமும் எடை மெஷினில் ஏறும்போது முள் போன மாசத்தைவிடக் கொஞ்சம் பின்வாங்கியது. நீலத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

"சமைச்சதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று சமையல்காரம்மாவிடம் போய்க் கேட்டாள் நர்ஸ்.

"நீங்களே தின்னு பாருங்க. உப்பைக் குறை, எண்ணெயைக் குறைன்னு என் உயிரை வாங்கறீங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு மட்டும் உங்களுக்குத் தெரியாம ஒரு ஸ்பூன் நெய் விடறேன். அதையும் தொட மாட்டேங்கறா."

சிட்டுவிடம் கேட்டால், "பசிக்கல மிஸ்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவள் அப்பா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை.

"வீட்டுல நல்லாத்தான் சாப்பிடறா மிஸ். இங்கதான் தண்ணிகூடக் குடிக்கறதில்லை போல. காலையில கிளம்பும்போதே வயித்து வலிங்கறா. அடுத்த தடவை எடை பார்க்கும்போதும் இதே நிலைமைன்னா நிறுத்திடறேன். படிப்பு முக்கியந்தான், புள்ள அதைவிட முக்கியம்."

"கொஞ்சம் பொறுங்க. நான் சரி பண்றேன்."

"நீங்க நல்லாத்தான் பார்த்துக்கறீங்க. உங்களைச் சொல்லல" என்றார் அவர். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

அன்று முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தனியாகச் சாப்பிடுகிற சாப்பாடு எப்படி இறங்கும்? தனக்கே இறங்குவதில்லையே. எல்லோருக்கும் ஒரே தட்டு வாங்கிக் கொடுத்தவள், ஒரு குழந்தைக்கு மட்டும் தனித் தட்டும் தனி மேசையும் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருக்கிறாள். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஹெச்.எம். அறைக்குப் போனாள்.

"சமையலறையில கடலையே வேண்டாம் சார். அவளும் மத்தவங்களோட உட்காரட்டும்."

"ஒரு பொண்ணுக்காக மத்த புள்ளைங்க சத்துல கை வைக்கச் சொல்றீங்களா?"

அது நியாயமான கேள்வி. அவளும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கடலைக்குப் பதில் கொண்டைக்கடலை, வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் முட்டை என்று விலாவாரியாகச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார், சமையல்காரம்மா பாத்திரத்தை டமாரென்று வைத்தாள், ஆசிரியர் அறையில் வறுகடலை போன துக்கம் பல நாள் அனுஷ்டிக்கப்பட்டது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். அண்டா, கரண்டி, அரவை மெஷின் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிக் கழுவ வைத்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தாள். சன்னலோர மேசை ஸ்டோர் ரூமுக்குப் போனது. சாப்பாட்டுக் கூடத்தில் அந்த இடம் காலியானதைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் சிட்டு எல்லோரையும் போல எவர்சில்வர் தட்டோடு வரிசையில் வந்தாள். வாங்கிக்கொண்டு நேராகச் சன்னலோரம் போனாள். மேசை இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது போலும். தட்டைப் பிடித்தபடி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வேணா உட்காரலாம் சிட்டு!" என்றாள் நர்ஸ் உற்சாகமாக.

சிட்டு ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மறு ஓரத்துக்கு நகர்ந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. நடுவில் நாலு பேர் உட்காரலாம் போல இடம் விழுந்தது.

கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் நர்ஸ் நினைத்தாள். அப்போது முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண்ணின் ஸ்பூன் கீழே விழுந்து உருண்டது. சிட்டு சட்டென்று குனிந்து எடுத்து நீட்டினாள். முன்பல் இல்லாதவள் அதை இரண்டு விரலால் வாங்கினாள், எழுந்தாள், சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். ஸ்பூனுக்குச் சோப்பு, கைக்குச் சோப்பு. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு.

நர்ஸ் அவள் பின்னால் போனாள். "சாப்பிடும்போது பாதியில எதுக்குக் கழுவற?"

"சிட்டு தொட்டுட்டா மிஸ்."

"தொட்டா என்ன?"

அந்தக் குழந்தை அவளை ஆச்சரியமாகப் பார்த்தது. சோப்பு மிஸ்ஸே இப்படிக் கேட்கலாமா? "அவ கையிலேருந்துதானே மிஸ் பரவும்? நீங்கதானே வெள்ளையாத் தடவிக் காட்டினீங்க. நாங்க யாரும் மறக்கவே இல்ல மிஸ்."

நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொண்டாள். கிட்டே போவதற்கு முன்னால் கழுவுங்கள் என்று அவள் சொன்னது சிட்டுவைக் காப்பாற்ற. அவர்கள் இத்தனை நாளும் கழுவியது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. தூணோரம் நின்று பூரித்துப் போனாளே, அந்த நேரமெல்லாம் யாரோ ஒருத்தி மேல் சிட்டுவின் கை பட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

கூடத்தின் நடுவில் போய் நின்றாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பேச வாயெடுத்தாள். இன்னொரு பாடமா? இதுவும் எப்படிப் போய்ச் சேருமோ? வாயை மூடிக்கொண்டாள். சமையல்காரம்மாவிடம் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் விழுந்திருந்த அந்த இடத்தில், சிட்டுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சிட்டு பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கினாள். ஒதுங்க இடமில்லை, விழப் பார்த்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பிடித்த கையை விடவில்லை.

சிட்டு பயந்து போனாள். மற்ற கையைப் பாவாடைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து நீட்டினாள். தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்துவிட்ட ஒரு சோப்புத் துண்டு.

"இந்தாங்க மிஸ். குழாயடியில சோப்பு தீர்ந்துட்டா எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. அதனால நானே வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்து கொடுப்பேன்."

நர்ஸ் அதை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "இது இனிமே என்கிட்ட இருக்கட்டும். நீ எடுத்துட்டு வர வேண்டாம்" என்றாள்.

பிறகு சிட்டு மெதுவாகக் கேட்டாள். "நீங்க எப்பவும் கதவைச் சாத்திக்கிட்டுத்தானே சாப்பிடுவீங்க? உங்ககிட்டேயும் யாரும் வர மாட்டாங்களா மிஸ்?"

குழந்தையிடம் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "வர மாட்டாங்க" என்றாள் நர்ஸ்.

"உங்களுக்கும் ஏதாவது ஆகாதா?"

"எனக்கு எல்லாம் ஆகும். என்னைத்தான் யாருக்கும் ஆகாது."

சிட்டு யோசித்தாள். "அப்ப நாளைக்கும் இங்கேயே வாங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நர்ஸ் அவள் வாயையே பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்பூன் தட்டில் படும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

மணி அடித்தது. சிட்டுவின் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது. மறு பாதி இல்லை.

குழாயடியில் மூன்றாம் வகுப்பு வரிசை நின்றது. நர்ஸ் வருவதைப் பார்த்ததும் பிள்ளைகள் அவளுக்கு வழிவிட்டார்கள். முன்பல் இல்லாதவள் சோப்பை எடுத்து நீட்டினாள். "மிஸ், நீங்க சிட்டு கையைப் பிடிச்சீங்க."

"ஆமா, பிடிச்சேன்" என்றாள் நர்ஸ். அந்தக் கையை நன்றாகத் தெரியும்படி நீட்டிக் காட்டிவிட்டு, கழுவாமல், எல்லோரும் பார்க்க நடந்து போனாள்.