துலக்கிய நிக்கல்

நான்தான் தேய்த்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கையிலிருந்த கேக் கத்தியைக் கீழே வைக்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

இந்த நினைப்போடுதான் ஆர்டித் டுவேனுக்குக் காப்பி ஊற்றினாள். டுவேன் ஊர் நாணயக் கழகத்தின் தலைவன். இருபது வயதில் கழகத்துக்குள் நுழைந்தவன், இப்போது அறுபதைத் தொடப்போகிறான். அவன் கொண்டுவந்த மரச்சட்டம் சமையலறை மேஜைமேல் கிடந்தது. உள்ளே நீல வெல்வெட், நடுவில் நிக்கல் என்கிற ஐந்து சென்ட் காசு உட்காரும் அளவுக்கு ஒரு குழி. குழிக்குக் கீழே அச்சடித்த அட்டை: "வெர்லின் ஸ்டவுஃபர் தேய்த்துக் கெடுத்தது, 1987."

"வருஷா வருஷம் யாரு ஒரு நல்ல காசை ரொம்பக் கேவலமா பாழாக்குறாங்களோ, அவங்களுக்கு இது. வெர்லின் பரிசுன்னு பேரு," என்றான் டுவேன். "உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. முதல் பரிசை நீங்கதான் வந்து குடுக்கணும். அந்த நிக்கலை மட்டும் எடுத்துக் குடுங்க ஆர்டித்."

சிரித்துத்தான் இருப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கழகத்தில் அவர் பேர் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகியிருந்தது. புதிதாக வருகிறவன் யாராவது காசைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தால் நாலு பேர் ஒரே குரலில் சொல்வார்கள்: "டேய், வெர்லின் பண்ணிடாதே." வெர்லினே சில சமயம் முந்திக்கொண்டு சொல்வார். கூட்டத்தில் கேக் தட்டு நீட்டிக்கொண்டே ஆர்டித்தும் சிரிப்பாள். பிப்ரவரியில் அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட யாரோ சொன்னார்கள், அவளும் சிரித்தாள்.

வெர்லின் சேர்த்தது நிக்கல் காசு மட்டும். அதிலும் பழைய நூற்றாண்டுக் காசு. முன்பக்கம் கிரீடம் வைத்த பெண்ணின் தலை, பின்பக்கம் ஐந்தைக் குறிக்கும் பெரிய V எழுத்து. 1883இல் தொடங்கும் அந்த வரிசைக்கென்று ஒரு நீல அட்டைப் புத்தகம், வருஷத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டே வந்தது. 1885 மட்டும் பதினோரு வருஷமாகக் காலியாகவே இருந்தது. அந்த வருஷத்துக் காசு அவ்வளவு சுலபமாக யாருக்கும் அகப்படுவதில்லை. பள்ளி பஸ்களைப் பழுது பார்த்துவிட்டு வந்து, கிரீஸ் போகக் கை கழுவி, அந்தக் காலி ஓட்டையை அவர் விரலால் தொட்டுப் பார்ப்பதை அவள் பல நாள் பார்த்திருக்கிறாள்.

அது கிடைத்த நாள் அவளுக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் அவளுடைய அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. முந்தின நாளே டேட்டன் நகரத்து நாணயச் சந்தைக்குப் போயிருந்த வெர்லின், காலை பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றரை வரை பார்த்துவிட்டு அவளே கூட்டிக்கொண்டு போனாள். இல்லத்து வாசலில் அம்மா காரின் கதவுப்பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாள்.

வெர்லின் ஐந்து மணிக்கு வந்தார். தன்னிடமிருந்த இன்னும் பழைய காசுகள் இரண்டைக் கொடுத்து 1885ஐ மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை ஓட்டையில் பொருத்தினார். அதற்கப்புறம்தான், "அம்மா எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் ஆர்டித் அடிப்பிடித்த பாத்திரமொன்றைச் சோடா மாவு போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு போய்ப் புத்தகத்திலிருந்து அந்தக் காசை எடுத்தாள். நூறு வருஷத்து விரல்களெல்லாம் பட்டுப் பழுப்பேறியிருந்தது. பளபளவென்று பார்த்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். அந்த நினைப்பு பொய்யில்லை.

ஆனால் கல்யாணமான புதிதில் அவர் சொன்னதும் அந்த நேரம் காதில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. "காசைத் தேய்க்கவே கூடாது, ஆர்டித். மேல்தோல் போச்சுன்னா திரும்ப வராது." கேட்டுக்கொண்டேதான் தேய்த்தாள். கட்டைவிரல் வலிக்கும் வரைக்கும் தேய்த்தாள். கையை ஓட்டியது எது, ஆசையா கோபமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. சில நாள் ஒன்று என்று தோன்றும், சில நாள் மற்றது. இரண்டும்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் தப்பிக்கப் பார்ப்பதாகவே படும்.

சாயங்காலம் வெர்லின் புத்தகத்தைத் திறந்து வெகுநேரம் நின்றார். "பளபளன்னு இருக்கே," என்றார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த செவ்வாய் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கழகக் கூட்டம். பதினோரு வருஷக் காத்திருப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் காசு கைக்குக் கை போனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கிழவர் ஒருவர், "எந்தப் புண்ணியவான்யா இதைப் பாத்திரம் மாதிரி துலக்கினது?" என்றார்.

"நான்தான்," என்றார் வெர்லின். "சோடா மாவு போட்டேன். என் புத்தி அன்னிக்கு மேயப் போயிருந்தது."

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. அவர் ஆர்டித்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள், எல்லாம் ஒரே அளவாக. வீடு திரும்பும்போது அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

அப்புறமும் 1885 இரண்டு மூன்று தடவை விலைக்கு வந்தது. "ஓட்டைதான் நிறைஞ்சாச்சே," என்று சொல்லி அவர் வாங்கவில்லை.

"காப்பி ஆறுது, டுவேன்," என்றாள் ஆர்டித். பிறகு, "அதைத் தேய்ச்சது அவர் இல்ல. நான்."

டுவேன் கோப்பையை உதட்டிலிருந்து இறக்கினான். முகம் மெல்ல இளகியது. "அட! அந்த மனுஷன் கடைசிவரைக்கும் மூச்சு விடலையே. இது அதைவிட நல்ல கதை, ஆர்டித். பாவம், உங்களுக்கு என்ன தெரியும்? புருஷன் சந்தோஷப்படட்டும்னு தெரியாம செஞ்சுட்டீங்க. இதையே அன்னிக்கு மேடையில சொல்லுங்க, கடைசி வரிசைவரைக்கும் அழுவாங்க."

எவ்வளவு சுலபம். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், தெரியாமல் செய்தவளாகவே செத்துப்போகலாம்.

"தெரியும்," என்றாள். "தேய்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு வெர்லினுக்கு…"

"எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தானே."

டுவேன் சட்டத்தின் ஓரத்தைத் தடவினான். "சரி. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அட்டை அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அவரே மனசாரத் தன்மேல போட்டுக்கிட்டதுதானே? எல்லாரும் பிரியமாத்தானே சொல்றாங்க. நிக்கலை மட்டும் குடுங்க, ஆர்டித்."

வருவதாக அவன் டெலிபோனில் சொன்னதிலிருந்து காசு அவளுடைய ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தாள். காசிலிருந்த பெண்ணின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள் அப்படியே இருந்தன. விளிம்பில் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நூல் அகலத்துக்குப் பழுப்புத் திரும்பியிருந்தது.

டுவேன் கையை நீட்டினான். அவள் காசை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். சட்டத்திலிருந்து வெர்லின் பேர் போட்ட அட்டையை நகத்தால் நெம்பி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வெறும் குழியோடு சட்டத்தை அவனிடம் தள்ளினாள்.

"இல்ல, டுவேன்," என்றாள். "இது ரெண்டையும் தர மாட்டேன்."