சீக்கிரம் காய்க்கும் கன்று

…இல்லை, முதலில் ஓலைதான் தொங்கும், குரும்பை கொட்டுவது அதற்குப் பிறகு, கடைசியில் குருத்து காய்ந்து ஒருநாள் தலையே ஒடிந்து விழும். மழை பொய்த்தால் குட்டை நெட்டைக் கலப்பு இந்த வரிசையில்தான் சாகும், தென்னை ஆராய்ச்சிப் பண்ணையில் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வரிசை, இதில் ஐயத்துக்கு இடமில்லை. பெயரில் முன்னால் நிற்பது தாய் மரம். குட்டை தாயானால் மூன்றாம் ஆண்டே பாளை விடும், ஆனால் தண்ணீர் தண்ணீர் என்று உயிரை வாங்கும். நெட்டை தாயானால் ஆறாம் ஆண்டுவரை ஒன்றும் தராது, ஆனால் வறட்சியில் நிற்கும். தம்பியின் கிணறோ கோடை பிறக்கும் முன்பே தரை தட்டிவிடுகிறது. எனவே நெட்டை குட்டை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேற்று அவனை எடை பார்க்க அனுப்பிவிட்டு மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னாரே, இரண்டு ஆண்டு, அதுவும் எல்லாம் நல்லபடியாகப் போனால் என்று… அப்படியானால் மூன்றாம் ஆண்டுப் பாளைகூட… போதும், கன்றைப் பார். மஞ்சள் குட்டையின் கன்றில் காம்பு பழுப்பாக இருந்தால் கலப்பு. தாயைப் போலவே மஞ்சளாக இருந்தால் கலப்பே சேரவில்லை, ஒதுக்கு.

“என்னம்மா, எதை ஏத்தட்டும்? வண்டிக்காரன் கத்துறான்” என்று நாற்றங்கால்காரர் மூன்றாம் முறையாகக் கேட்கிறார். நிழல்வலைக்குக் கீழே கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கும் தம்பி, “அக்கா கன்னு வாங்க வரலைங்க, மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கா, அதான் இவ்வளவு நேரம்” என்கிறான். சிரிப்பு இருமலில் முடிகிறது. சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்போல் இடம் கிடக்கிறது, எப்போது இவ்வளவு இளைத்தான்? “குட்டை நெட்டையே ஏத்துங்க. நான் கண்ணால காய் பார்க்க வேணாமா?” சும்மா சொல்கிறானா, தெரிந்து சொல்கிறானா… வீடு கட்டியபோதும் இப்படித்தான் பறந்தான், ஈரம் காயாத சுவரில் வண்ணம் அடித்தவன். காலையில் அவன் மனைவி தொலைபேசியில் சொன்னாள், “நீங்க சொல்ற கன்னுதான் அண்ணி, அவர் பேச்சைக் கேக்காதீங்க.” அவளுக்கும் இன்னும் சொல்லவில்லை. நாளை அந்த நிலம்தான் அவளுக்குச் சோறு போட வேண்டும். காய்ந்த மரங்களை ஆள் வைத்து வெட்டப்போவது அவள்தான், நானல்ல. ஆனாலும் பாளை வரும் என்ற நினைப்பாவது அவனுக்கு இருக்கட்டுமே, காலையில் எழுந்து போய்ப் பார்க்க ஏதாவது ஒன்று… இது ஆராய்ச்சியா? இல்லை. அன்பா? அதுவும் தெரியவில்லை. அவள் வயிற்றில் அடித்து இவன் மனத்துக்கு ஆறுதல் வாங்குகிறேனா?

“குட்டை நெட்டையே ஏத்துங்க” என்றது என் குரல்தான். நாற்றங்கால்காரர் விட்டால் போதும் என்று ஓடினார். தம்பி துள்ளியிருக்க வேண்டும், ஜெயித்துவிட்டேன் என்று நாற்றங்கால் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவன் வாளியைவிட்டு எழவில்லை.

“மழை வரலைன்னா?”

“தண்ணி வாங்கி ஊத்திக்கலாம்டா.”

எத்தனை விவசாயிகளை இந்த ஒரு பேச்சுக்காக நான் கடிந்திருக்கிறேன்… அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“ஒரு பேனா வாங்கக்கூட நீ என் இஷ்டத்துக்கு விட்டதில்லையேக்கா,” என்றான் மெதுவாக, “நேத்து டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?”

வண்டியில் கன்றுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவன் கேட்ட கன்றை வழக்கம்போல் நான் மறுத்திருந்தால், என்னைத் திட்டிக்கொண்டே, எதுவும் தெரியாமல், அவன் வண்டியில் ஏறியிருப்பான்.