ஈர நெல்

பாளையங்கோட்டை அரிசி ஆலையொன்றில் அலுவலக வேலைக்கு நேர்காணல். மேலாளர் சிவசண்முகத்தின் எதிரே உட்கார்ந்ததிலிருந்து தேன்மொழியின் வலது கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் அழுத்தியும் நிற்கவில்லை, முட்டி இடித்து மேஜையே அதிர்ந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகம் பாதியில் நின்றுபோனது.

பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? மேஜைமேல் தட்டில் மாதிரிக்கு வைத்திருந்த நெல்லில் ஒன்றை எடுத்து, அப்பாவோடு களத்தில் நிற்கிற நினைப்பில், கடித்துவிட்டாள்.

“என்னம்மா செய்யுத?”

நெல் டக்கென்று உடையவில்லை, மெத்தென்று நசுங்கியது.

“ஈரம் சார். இன்னும் ரெண்டு நாள் காயணும். இப்பம் அரைச்சா அரிசி உடைஞ்சு குருணையாத்தான் விழும்.”

“காலைல நானே பாத்து, முதலாளிகிட்ட சொல்லி எடுத்த லோடும்மா இது.”

“அப்பம் உங்கள நல்லா ஏமாத்திருக்காவ சார்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலை போச்சு. ஆனாலும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை, நெல் ஈரம்தான்.

சிவசண்முகம் ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். இன்னொன்றையும் கடித்தார். மேஜை மறுபடியும் அதிரத் தொடங்கியது.

தேன்மொழி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது.