ஆள் வருது

நீலத் துணி காற்றில் ஒரு கணம் நிற்கிறது, கைக்குட்டைதான், ஜன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே போய் இருக்கையில் விழுந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது, எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் தீர்ப்பு மாறாது, அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம், திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டோ பையோ நோட்டுப் புத்தகமோ போட்டு இடம் பிடித்துவிட வேண்டும், பிறகு நிதானமாக ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யார் வந்து கேட்டாலும் ஆள் வருது என்றால் போதும், கேட்டவர் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவார், ஆனால் இது ஜங்ஷன் இல்லை, லிஸ்பன், பஸ்ஸும் இல்லை, மஞ்சள் டிராம், எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முன்னால் பத்துப் பதினைந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் நிற்கிறார்கள், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன், என் கை மட்டும் என்னைக் கேட்காமல் கைப்பையைத் திறந்து, அகப்பட்டதை எடுத்து, திறந்திருந்த ஜன்னலுக்குள் வீசிவிட்டது. என்னட்டி பண்ணித் தொலைச்ச என்று ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்தது இப்போதும் அங்கேயே இருக்கிறது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் முதலில் அந்தப் பிடிதான் வருகிறது, பிறகு துணி, பிறகு ஊர்.

எங்களில் முதலில் பறந்துபோனவள் ஜெசிந்தா, பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மூன்று பேருக்கு ஓர் அறை, அவள், பேச்சியம்மாள், நான், அவள் படிப்பை முடித்து நர்சிங் சேர்ந்து ஜெர்மனிக்குப் போய் முப்பது வருஷம் ஆயிற்று, அறுவது வயசாகுததுக்குள்ள மூணு பேரும் சேந்து ஒரு ஊரப் பாக்கணும்ட்டி, கோயில் குளம் இல்லாத ஊரா இருக்கணும், நேர்த்திக்கடன் ஒண்ணும் இருக்கக்கூடாது என்று போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் விசாவும் வாங்க வைத்து எங்களை வரவழைத்து, ஜெர்மனியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் லிஸ்பனில் கொண்டுபோய் இறக்கினாள். பேச்சி தென்காசியில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிறவள், பதினெட்டு மிஷின் ஓடுகிறது, உலகத்தில் எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலால் தடவிப் பார்க்காமல் நகரமாட்டாள், விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரின் கோட்டைக்கூடத் தடவிவிட்டாள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நல்லவேளை. நான்காவது மாடியில் மூன்று கட்டில் போட்ட அறை, லிப்ட் கிடையாது, முட்டுவலிக்காரி பேச்சி ஒவ்வொரு மாடியிலும் நின்று ஜெசிந்தாவின் பரம்பரையையே விசாரித்தபடி ஏறினாள், மேலே போனதும் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் போர்வையும் உள்பாவாடையும் காய்கின்றன, பேச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது, இது நம்மாளுவ ஊருதாம்ட்டி, துணியத் தெருவப் பாக்கக் காயப்போடுதாவ என்றாள். அன்றைக்கு அவள் கொண்டுவந்த இட்லிப்பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவி மூன்று பேரும் கட்டிலில் சம்மணம் போட்டுத் தின்றோம், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருக்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் நினைத்தேன், ஏனென்றால் என் கைப்பையில் அந்த நீலக் கைக்குட்டை இருந்தது.

அது பேச்சி தைத்தது, ஹாஸ்டலில் இருக்கும்போதே, மூன்று பேருக்கும் மூன்று, எனக்கு நீலம், ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு பிச்சிப்பூ. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், மதுரையில் ஒரு பெரிய கம்பெனியின் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, ஒரே ஒரு இடம், பேச்சிக்கும் எனக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ கார்டு வந்தது, பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், காலை ஆறு மணி எக்ஸ்பிரஸ் வண்டியை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, நின்றுகொண்டு போக விடாத வண்டி, சீட் இருந்தால்தான் ஏற்றுவார்கள், முதல்ல வாரவ எடம் போட்டு வைக்கணும் என்று பேசிவைத்தோம், நான் முதலில் வந்தேன், கைக்குட்டையை வீசினேன், ஏறி உட்கார்ந்தேன், அதுவரைக்கும் நான் நல்லவள்தான். டைப்பில் அவள் வேகத்துக்கு என் வேகம் காணாது, அது எனக்குத் தெரியும், இன்ஸ்டிடியூட்டில் எல்லோருக்கும் தெரியும், அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா, இல்லை அப்போது ஒன்றும் நினைக்கவில்லையா, எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடம் மட்டும் கலங்கலாகவே இருக்கிறது, பிறகு நடந்தது துல்லியமாகத் தெரிகிறது, இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா வந்து நிற்கிறாள், இங்க ஆள் வருதாம்மா என்கிறாள், ஜன்னல் வழியே பார்க்கிறேன், பஸ் ஸ்டாண்டு வாசலில் பேச்சி, பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, சர்ட்டிபிகேட் பைலை நெஞ்சோடு அணைத்து ஓடிவருகிறாள், நான் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இல்ல, உக்காருங்க என்கிறேன், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வேற ஆள் வருதா, எடுக்கலாமா என்று பொதுவாகக் கேட்கிறார், ஒரு குரல், ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், நான் எதிர்ப்பக்கம் திரும்பி அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுகிறேன். பேச்சி அடுத்த வண்டியில் வந்து பதினொன்றரைக்கு அந்த ஆபீஸ் வாசலில் நின்றாளாம், உள்ளே விடவில்லையாம், வேலை எனக்குக் கிடைத்தது, முப்பத்துநாலு வருஷம் பார்த்தேன், என் வீடு, என் மகள் படிப்பு எல்லாம் அந்த இருக்கையிலிருந்து வந்தவைதான். பிள்ளைக்காரிக்கு இடம் கொடுத்தது தப்பா என்று எனக்கு நானே எத்தனை தடவை வக்கீல் வைத்துக்கொண்டேன், கேஸ் ஜெயிக்கவே இல்லை.

அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் லிஸ்பனுக்கே போனேன், நாலு நாளில் எப்படியும் ஒரு வேளை வாய்க்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வியாழக்கிழமை ஒரு மேட்டில் ஏறி நின்றோம், கீழே ஓட்டுக் கூரைகள் சரிந்து சரிந்து போய் ஆற்றில் முடிகின்றன, இது ஆறா கடலாட்டி என்று பேச்சி கேட்க, ஆறுதான், சத்தியமா ஆறுதான் என்று ஜெசிந்தா தலையில் அடித்துச் சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போனாள், இதுதான் நேரம் என்று, பேச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன், என்னத்தச் சொல்லப்போற, என் தைலத்த ரூம்லயே விட்டுட்டு வந்துட்ட, அதான, உன்னய நம்பித் தைலத்தத் தந்தேன் பாரு என்று அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள், உண்மையிலேயே தைலத்தை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளுக்கு இன்னொரு குற்றம் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஒரு கடையில் கஸ்டர்ட் வைத்த சின்னச் சின்னப் பலகாரம், மேலே பட்டைத்தூள், சூடு, தட்டை அவள் பக்கம் நகர்த்தி வாயைத் திறந்தேன், வெள்ளிக்கெழமையும் அதுவுமா முட்டையத் திங்கச் சொல்லுதியே என்று ஒரு பார்வை பார்த்து, ஆனாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்காமல் குனிந்து வாசனையை மட்டும் ஐந்து நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தாள், நாளைக்குத் திங்கேன், ரெண்டு கட்டி வாங்கிக்க என்றாள், பிறகு மூன்று பேரும் சிரித்தோம், சிரித்தபிறகு எப்படிச் சொல்வது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ரசித்தது, பொரித்த மீன் வாசனை, வழுக்கும் சின்னக் கல் பாவிய நடைபாதை, வெயிலில் பளபளக்கும் ஓடு பதித்த சுவர், எதையும் விடவில்லை.

சனிக்கிழமை டிராம். பக்கத்துத் தெருவில் துணிக்கடை ஒன்றைப் பார்த்துவிட்டு, நீங்க வரிசையில நில்லுங்க, ஒத்த நிமிசத்துல வாரேன் என்று போன பேச்சி இருபது நிமிஷமாகியும் வரவில்லை, டிராம் வந்து நின்றது, பத்துப் பன்னிரண்டு வரிசை இருக்கை, அவ்வளவுதான், நின்றுகொண்டு போக அவள் முட்டி தாங்காது, அப்போதுதான் என் கை வீசியது, வீசிய பிறகுதான் அது நீலம் என்று கண்டேன், கையைத் திருப்பி இழுத்துக்கொள்ள முடியாதே. உள்ளே முதலாவதாக ஏறி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரின் தொப்பியில் பட்டு அது விழுந்தது, அவர் குனிந்து எடுத்து, ஜன்னல் வழியே எனக்கே நீட்டினார், நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டி, அங்கே வை, பக்கத்து சீட்டில் வை என்று சைகை காட்டினேன், அவருக்கு என்ன விளங்கியதோ, கைக்குட்டையை நாலாக மடித்துத் தனக்கு முன்னாலிருந்த காலி சீட்டில் பயபக்தியோடு வைத்தார். எங்கள் முறை வந்து நான் ஏறிப் போவதற்குள் ஒரு சின்னப்பெண் அந்த சீட்டருகில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டாள், எனக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது, இருந்த நாலு வார்த்தையும் போய்விட்டது, ஆள் வருது என்றேன், சத்தமாக, முப்பத்தேழு வருஷச் சத்தம் அது, டிராமே திரும்பிப் பார்த்தது, அந்தப் பெண் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனாள், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மணி அடித்துவிட்டது, ஓட்டுநர் கதவை மூடப் பார்க்கிறார், ஜெசிந்தா படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு அவரிடம் ஜெர்மனில் என்னவோ மன்றாடுகிறாள், ஜன்னலுக்கு வெளியே தெருமுனையில் பேச்சி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து, நொண்டி நொண்டி ஓடிவருகிறாள், ஜங்ஷன் வாசலா இது என்று எனக்கு ஒரு நொடி மயங்கிவிட்டது, நான் எழுந்து நின்று, ஆள் வருது, ஆள் வருது என்று தமிழிலேயே கத்தினேன், ஓட்டுநர் பெருமூச்சு விட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பேச்சி ஏறி, மூச்சு வாங்கி, உட்காரக் குனிந்தவள் கைக்குட்டையைக் கண்டு அப்படியே நின்றாள், இரண்டு விரலால் எடுத்துத் தடவினாள், பூவைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், டிராம் ஆடிக்கொண்டே மேடேறியது, ஜெசிந்தா முன்னால் கம்பியைப் பிடித்து நிற்கிறாள், எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது. இத இன்னும் வச்சிருக்கியா என்றாள் பேச்சி. நான், அன்னைக்கு நான் என்று ஆரம்பித்தேன். பாத்தேம்ட்டி, நீ எடுத்ததப் பாத்தேன், ஜன்னல்ல நீலமாத் தெரிஞ்சுது, பொறவு தெரியல, அம்புட்டுதான் என்றாள். பாத்தியா, பாத்துட்டு ஏன் ஓடிவந்த என்று கேட்டேன். எனக்கு வேல வேணும்லா, உனக்காகவா ஓடுனேன் என்றாள். ஜன்னலுக்கு வெளியே சுவர்கள் கையெட்டும் தூரத்தில் போயின. உன் கல்யாணத்துக்கு நான் வரலியே, எதுக்குன்னு நெனச்ச என்றாள். அம்மை போட்டிருக்குன்னு சொல்லிவிட்டியே என்றேன். போட்டாத்தான, ரெண்டு வருசம் உம்மேல எனக்கு அவ்வளவு ஆங்காரம், ஒன் பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவேன், பொறவு வீட்டுல அவிய ஒரு நாள் என்னய என்னமோ சொல்லிட்டாவ, யார்ட்டயாவது சொல்லி அழணும்னு யோசிச்சா உன்னயத் தவிர ஒருத்தியும் ஞாபகத்துக்கு வரல, என்ன செய்யச் சொல்லுத, பஸ் ஏறி வந்துட்டேன். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, மழையில் நனைந்து வந்தாள், நான் காப்பி போட்டேன், அவள் ஒன்றுமே தெரியாதவள் என்று நம்பிக்கொண்டு காப்பி போட்டேன். தப்புதாம்ட்டி பேச்சி, மன்னிச்சிரு என்றேன், சொன்னதும் அழுகை வந்துவிட்டது. தப்புதான், யார் இல்லன்னா என்று சொல்லி, அந்தக் கைக்குட்டையாலேயே கழுத்து வியர்வையைத் துடைத்தாள், எனக்குத் தரவில்லை, தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள், மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அந்த முட்ட பலகாரம் எங்க, இன்னைக்குச் சனிக்கெழமைலா என்று கையை நீட்டினாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மரத்தடியில் நின்று பலகாரத்தைப் பங்குபோட்டு, திரும்புவதற்கு மறுபடி வரிசை, மறுபடி மஞ்சள் டிராம். முட்டிக்காரி முன்னால ஏறட்டும் என்று ஜெசிந்தா பேச்சியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள், நான் கையலம்பத் தண்ணீர் தேடிப் போய்விட்டுக் கொஞ்சம் பின்தங்கி வருகிறேன், தூரத்திலிருந்தே தெரிகிறது, இல்லை, இப்போது இந்த மத்தியானத்தில் கண்ணை மூடியபடி பார்க்கிறேன், ஜன்னலோரம் பேச்சி, இடுப்பிலிருந்து எதையோ உருவுகிறாள், உதறுகிறாள், நீலம், வெயிலில் ஒரு கணம் விரிந்து நிற்கிறது, பக்கத்து இருக்கையில் அதைப் பரப்பி உள்ளங்கையால் நீவிவிடுகிறாள், நெட்டையாக ஒருவர் வந்து நிற்கிறார், பேச்சி அண்ணாந்து பார்த்து என்னமோ சொல்கிறாள், ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, எனக்குக் கேட்கிறது, அவர் நகர்ந்து போகிறார், வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, யாரும் விசிலடிக்கவில்லை, ஓட வேண்டிய தேவையே இல்லை, நான் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.