சந்தூக்கில் பேகம்

பாங்கு சொல்லும் மோதினார் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கவுஸ் மாமா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்குப் பக்கத்தில், பழவேற்காடு கடைத்தெருவில் வாப்பாவோடு சேர்ந்து வலைக்கடை நடத்திய வரதன். உம்மா மெஹர்னிசாவும் மற்ற பெண்களும் உள்ளறையில், திரைக்குப் பின்னால். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய வாப்பா ஷேக் தாவூத், கூடத்தில் பாயின்மேல். முற்றத்தின் நடுவே, மய்யித்தைத் தூக்கிப்போகப் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த சந்தூக்கில், பேகம்.

பேகம் பூனை.

இளைய மகன் பைசல் மறுபடியும் அதைத் தூக்கி வெளியே விட்டான். அது உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, திரும்ப ஏறி, நட்டநடுவில் உட்கார்ந்து அவனையே பார்த்தது.

"அஸர் தொழுகைக்கு அடக்கணும் பைசலு, ஜமாத்து வந்துட்டாங்க," என்றார் மோதினார். "பூன நஜீஸ் இல்ல, தொட்டா அசுத்தம் ஆவாது, அது வேற விஷயம். அதுக்கோசரம் ரெண்டு பேத்தையுமா தூக்கினு போவ முடியும்?"

கவுஸ் மாமா துடைப்பத்தைத் தேடி எடுத்தார். உள்ளிருந்து உம்மா கத்தினாள். "அண்ணே, அது மேல அடி வுழுந்துது, அவரு எழுந்து வந்துடுவாரு!"

பெண்களில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்கள்.

எல்லாம் பொன்னேரி கால்நடை டாக்டரால் வந்தது. கோணிப்பைக்குள் அமுக்கிக் கொண்டுபோனதில் பேகம் வாப்பாவின் கையைக் கிழித்திருந்தது. டாக்டர் பூனைக்கு ஊசி போட்டுவிட்டு, வாப்பாவையும் போய்ப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இனிமேல் அமுக்காதீர்கள், ஒரு பெட்டி வையுங்கள், அதற்குள் தானாக வந்தால் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து முற்றத்தில் இதே இடத்தில் ஆப்பிள் பெட்டி இருந்தது. முதலில் பெட்டியருகே ஒரு காய்ந்த இறால். பிறகு விளிம்பில். பிறகு உள்ளே. வாப்பா தள்ளவில்லை, மூடவில்லை, அதட்டவில்லை. ஏறி உட்கார்ந்தால் "சபாஷ்!", உடனே ஓர் இறால். நாள் போகப் போக, சபாஷ் காதில் விழும்வரை பேகம் அசையாமல் உட்காரப் பழகிவிட்டது.

பைசலை பெல்ட்டால் வளர்த்தவர் அவர். "எனுக்கு பெல்ட்டு, பூனைக்கு எறாவா?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீ பொட்டில ஏறுனியா?" என்றார்.

ஆணியில் தொங்கிய வாப்பாவின் சட்டைப்பையில் கைவிட்டான் பைசல். பீடிக்கட்டோடு நாலைந்து இறால் இருந்தன. ஒன்றை நீட்டினான். பேகம் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டுக் குடுக்கணும்பா," என்றார் வரதன்.

"இன்னா சொல்லணும்?"

"தெரியாதமாரி கேக்குற."

அவனுக்குத் தெரியும். பத்தாவதில் பாஸான அன்று அந்த வார்த்தைக்காகத்தான் மார்க் சீட்டோடு கடை வாசலில் நின்றான். வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்குல கம்மியாக்கீதே" என்றார்.

பைசல் குனிந்து வாய்க்குள் முணுமுணுத்தான். பேகத்தின் ஒரு காது மட்டும் திரும்பியது.

"சத்தமா சொல்றா," என்றார் மாமா. "வெக்கப்பட்ற நேரமா இது?"

"சபாஷ்!"

குரல் அவனே எதிர்பாராத அளவுக்கு ஓங்கி வந்து, பாதியில் உடைந்தது. பேகம் இறாலைக் கவ்விக்கொண்டு, வந்த வேலை முடிந்ததுபோல் இறங்கிப் போனது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று எழுந்தார் மோதினார். "தூக்குங்கப்பா."

அடக்கம் முடிந்து திரும்பியதும் சவூதியில் தம்மாமிலிருந்து அண்ணன் ஆஷிக் போன் செய்தான். அழுகைக்கு நடுவே ஒன்றுதான் கேட்டான். "வாப்பா கடசியா என்னப் பத்தி எதுனா சொன்னாராடா?" பைசல் பதில் தேடுவதற்குள் போன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

மறுநாள் கடிதம் எழுதினான். யார் தொழுகை நடத்தினார்கள், யார் யார் தோள் கொடுத்தார்கள், கபர் எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதினான். பூனை விஷயத்தை விட்டுவிட்டான். தபால் ஆபீசுக்குப் போய், கவுண்டரில் நின்றபடி கடைசியாக ஒரு வரி சேர்த்தான்: 'இறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் வாப்பா உன் பேரைச் சொல்லி, சபாஷ் என்றார்.'

போஸ்ட்மாஸ்டர் மோசஸ் கடிதத்தைத் தராசில் வைத்தார்.

"இதே ஸ்டாம்புக்கு இன்னொரு பக்கம் எழுதலாம் தம்பி. எடைக்கு இன்னும் இடம் இருக்குது."

"போதும் சார்."

மோசஸ் பசை டப்பாவை நகர்த்தினார். பைசல் உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்து, கவுண்டருக்குள் தள்ளினான். முத்திரை இரண்டு முறை விழுந்தது.